ரத்னா பேரில் ஓடும் வண்டிகள்

ஒரு கையில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கைப்பேசியை எட்டிய மட்டும் தள்ளி நீட்டி, ரத்னா அன்றைய அபராதத்தைப் பார்க்கிறார். மூக்குக்கண்ணாடி வீட்டுக்குள் இருக்கிறது. எடுக்கப் போனால் குடம் வழிந்துவிடும். அதனால் படம் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. படத்தில் வெளுத்த மலை. மலைக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள். அதன்மேல் தலைக்கவசம் இல்லாத ஒரு தாடி.

"செல்வி! இது எந்த ஊருன்னு பாரு. ஒரே வெள்ளையா கீது."

மாடிப்படியில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருக்கும் பாண்டிச்செல்வி இறங்கி வருகிறாள். தென்காசிப் பக்கத்துப் பெண். கைப்பேசி பொருத்தும் ஆலையில் லைன் லீடர். ரத்னாவின் மாடி அறையில் நான்கு பெண்களோடு தங்கியிருக்கிறாள்.

"லடாக்குன்னு போட்டுருக்கு யக்கா. ஹெல்மெட் இல்லாம போயிருக்கான்."

"லடாக்கா? போன வாரந்தான கோவாவுல சிக்னல தாண்டினேன்? இன்னா சுத்து சுத்தறேன் பாரு நானு!"

ரத்னாவுக்கு மிதிவண்டிகூட ஓட்டத் தெரியாது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து காஞ்சிபுரம் போவதென்றாலே கையில் எலுமிச்சம்பழமும் மடியில் பாலித்தீன் பையும் வேண்டும். பேருந்தின் டீசல் வாடை அவர் வயிற்றுக்கு ஆகாது. ஆனால் அரசாங்கப் பதிவேட்டைக் கேட்டால் அது வேறு ரத்னாவைச் சொல்லும். அந்த ரத்னா இமயமலைக்கும் அரபிக் கடலுக்கும் இடையே ஓயாமல் பறக்கிறவர். சிவப்பு விளக்கை மதிக்காதவர். தலைக்கவசம் போடாதவர். ஒரே நேரத்தில் ஆறேழு வண்டிகளை ஓட்டும் வல்லமை பெற்றவர்.

வீட்டில் இருக்கும் ரத்னாவுக்கு வயது நாற்பத்தேழு. கார் ஆலைக்குப் பின்புறம் இரண்டு மாடிக் கட்டடம். அடுக்கடுக்காக அறைகள், அறைக்குள் அடுக்கடுக்காகத் தொழிலாளர்கள். கைப்பிடி உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியை வாசல் கேட்டுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துவிட்டால், அவரைத் தாண்டாமல் யாரும் உள்ளே போக முடியாது. குடியிருப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. அவர்கள் வேலை பார்க்கும் இடமே பெயர். "பெயிண்ட் ஷாப்பு, மோட்டார நிறுத்து." "டோர் லைனு, உன் ஃபிரண்டு எத்தினி நாளு தங்குவான்? தண்ணி இன்னா உங்க ஆலையிலேருந்தா வருது?" பாகங்களின் அளவு சரிபார்க்கும் பிரிவில் இருப்பதால் நான் 'குவாலிட்டி'. இத்தனை வருடமாக மாடியில் இருக்கிறேன். என் உண்மைப் பெயர் அவருக்குத் தெரியுமா என்பது சந்தேகம். பாண்டிச்செல்விக்கு மட்டும் பெயர் உண்டு. அபராதம் படித்துச் சொல்லும் பதவிக்குக் கிடைத்த மரியாதை அது.

இந்த வண்டிகள் எல்லாம் வந்து சேர்ந்தது பாபுவின் மூலம்.

பாபு பக்கத்துத் தெருக்காரர். வாகனப் பதிவு, உரிமம், காப்பீடு, பெயர் மாற்றம் எல்லாம் செய்து தரும் ஏஜென்ட். ஒரகடம் சாலையில் கரும்புச்சாறு வண்டியின் நிழல்தான் அலுவலகம். நிழல் நகர நகர அலுவலகமும் நகரும். அவரைத் தேடி உலக நாடுகள் வந்தன. மோட்டார் சைக்கிள் தயாராகும் ஊரிலேயே மோட்டார் சைக்கிள் வாங்கி, அதில் ஏறி இந்தியா முழுவதும் சுற்றினால் வாழ்க்கையின் அர்த்தம் பிடிபடும் என்று ஐரோப்பாவில் யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் ஆலை வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். காவலாளி விரட்டுவார். அடுத்து வண்டி வாங்கப் போவார்கள். அங்கேதான் சட்டம் குறுக்கே வந்து, "முகவரி?" என்று கேட்கும்.

அவர்களிடம் பணம் இருக்கும், பாஸ்போர்ட் இருக்கும், முதுகில் வீட்டையே சுமந்துவந்தது போல ஒரு மூட்டை இருக்கும். முகவரி மட்டும் இருக்காது. சுற்றுலா விசாவில் வந்தவன் விடுதி அறையைக் காட்டி வண்டியைப் பதிவு செய்வதென்றால், காகிதங்கள் சேர்வதற்குள் விசா முடிந்துவிடும். ரத்னாவிடமோ அசையாத முகவரி ஒன்று இருந்தது. வண்டி ஓட்டத் தெரிந்தவனுக்கு முகவரி இல்லை, முகவரி உள்ளவருக்கு ஓட்டத் தெரியாது. இரண்டு பேரையும் சேர்த்து வைத்த புண்ணியம் பாபுவைச் சேரும்.

"யக்கா, ஒரே ஒரு கையெழுத்து. வண்டி உன் பேர்ல கீது, அவன் ஓட்டிகினு போறான். ஆறு மாசத்துல வித்துட்டு ஊருக்குப் போயிடுவான். உனுக்கு இன்னா நஷ்டம்?"

ஒரு கையெழுத்துக்கு ஒரு புடவை விலை. ரத்னா போட்டார். புடவைகள் சேர்ந்தன. நார்வேக்காரர் ஒருவர், பிரேசில்காரி ஒருத்தி, எந்த நாடு என்று கடைசிவரை தெரியாமலே போன ஓர் ஊமைச்சாமி என்று வரிசையாக வந்து, ரத்னாவின் வண்டியில் ஏறித் தங்களைத் தேடிக்கொண்டு போனார்கள். அபராதம் வந்தால் ரத்னா அதைப் பாபுவுக்கு அனுப்புவார், பாபு பயணிக்கு அனுப்புவார், பயணி உயர்த்திய கட்டைவிரலைப் பதிலாக அனுப்புவார். கட்டைவிரல் படத்தை எந்த ஊர்க் காவல்துறையும் வரவு வைத்துக்கொள்வதில்லை.

இருசக்கர வண்டிகளோடு நின்றிருந்தால் ரத்னா இன்னும் வாசலில் உட்கார்ந்தபடியே ஊர் சுற்றிக்கொண்டிருப்பார். வந்தார்கள் லூகாசும் மிரியமும்.

ஆஸ்திரியாவைச் சேர்ந்த தம்பதி. அவர்களுக்கு மோட்டார் சைக்கிள் போதவில்லை, படுத்துக்கொண்டே போகக்கூடிய வண்டி வேண்டும். பாபு ஒரு பழைய வெள்ளை வேனைப் பிடித்துக் கொடுத்தார். அதற்குமுன் அது பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே நிறுத்தி, இருக்கைகளைப் பிடுங்கிக் கட்டில் அடித்து, இரண்டு பக்கமும் ஆளுயர மயில் வரைந்தார்கள். அந்த நாட்களில் சாப்பாடு ரத்னா வீட்டில். மிரியம் கையால் பிசைந்து சாப்பிடக் கற்றுக்கொண்டு, கிளம்பும் நாளன்று ரத்னாவைக் கட்டிப்பிடித்து, "அம்மா" என்று அழுதார்.

"அதுக்கு என்னைவிட ரெண்டு வயசு கூடவே இருக்கும்," என்றார் ரத்னா, வேன் திரும்பி மறைந்த பிறகு. "என்னப் போயி அம்மான்னுது."

இந்த வேனால் முதலில் பயனடைந்தவர் ரத்னாவின் கணவர் அப்பாவு. உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் காவலாளி. ஒரு வாரம் முழுக்கப் பேசுவதைச் சேர்த்தாலும் அஞ்சல் அட்டையில் எழுதிவிடலாம். அவர் டீக்கடையில் வாயைத் திறந்தார். "நம்ம காரு இப்ப ஊட்டில கீது." மறுவாரம், "நம்ம காரு மைசூர் போயிருக்குது." சட்டப்படி அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

இரண்டாவதாகக் கவனித்தது அரசாங்கம். பெண்களுக்கு மாதாமாதம் கணக்கில் விழும் உதவித்தொகை ரத்னாவுக்கு நின்றுபோனது. தாலுகா அலுவலகத்துக்குப் போய்க் கேட்டார். அங்கே இருந்த பெண் ஊழியர் கணினியைப் பார்த்துவிட்டு மிகுந்த மரியாதையோடு, "உங்க பேர்ல கார் இருக்கே மேடம். கார் வெச்சிருக்கவங்களுக்குக் கிடையாது," என்றார்.

"கார் எங்கம்மா கீது?"

"அது உங்களுக்குத்தானே தெரியணும்."

ரத்னாவுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. வெளியே வந்து பாண்டிச்செல்வியைப் பிடித்து, மிரியத்துக்குச் செய்தி அனுப்பச் சொன்னார். பதிலாக ஒரு கடற்கரையும் நான்கு இதயங்களும் வந்தன. கடல் எந்தக் கடல் என்று இதயங்களில் எழுதியிருக்கவில்லை.

கடலின் பெயர் அடுத்த மாதம் தெரிந்தது. கேரளத்தில் வர்க்கலைக்குப் பக்கத்தில் ஒரு காவல் நிலையத்திலிருந்து தொலைபேசி. மயில் வரைந்த வேன், பள்ளமான வளைவில் லாட்டரிச் சீட்டு விற்கிற ஒருவரை இடித்துவிட்டது. இடது கால் இரண்டு இடத்தில் முறிவு. ஓட்டியவர் வெளிநாட்டுக்காரர்.

நல்லவர்கள்தான் லூகாசும் மிரியமும். அடிபட்டவரை அதே வேனில் படுக்க வைத்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். முதல் நாள் செலவைக் கட்டினார்கள். காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்திட்டார்கள். பிறகு, விசா முடிகிற தேதியும் ஜாமீனும் ஒத்துவந்த ஒரு நல்ல நாளில், சாவியை மேசைமேல் வைத்துவிட்டு விமானம் ஏறினார்கள். சாவியோடு ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. வண்டியின் உரிமையாளர் எங்கள் இந்தியத் தாய் ரத்னா, மிகவும் அன்பானவர் என்று அதில் எழுதி, தொலைபேசி எண்ணையும் கொடுத்திருந்தார்கள்.

வண்டிக்குக் காப்பீடு இல்லை. பாபுவிடம் அதற்காக லூகாஸ் கொடுத்த பணம் எங்கே போனது என்று கேட்டதற்கு, "யக்கா, பேர் மாத்தற நேரத்துல கொஞ்சம் பேஜாராயிடுச்சி," என்றார். பழைய காப்பீட்டு நகலில் வருடத்தை மட்டும் புதிதாக்கிக் கொடுத்திருந்தார் என்பது பேஜாருக்கு விளக்கம்.

ரத்னா கிளம்பினார். கூடவே பாபுவைக் கிளப்பினார்; அவர் சொன்ன வயிற்றுவலி எடுபடவில்லை. தென்காசிக்காரியானதால் மலையாளம் ஓரளவு புரியும் என்று பாண்டிச்செல்வி விடுப்பு எடுத்துக்கொண்டாள். அங்கே நடந்ததை எல்லாம் எனக்குச் சொன்னது அவள்தான்.

போகும் வழியெல்லாம் ரத்னா வாந்தி எடுத்தார். பேருந்து, அடுத்த பேருந்து, அதற்கடுத்த பேருந்து. எலுமிச்சம்பழம் நாகர்கோவிலுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. காவல் நிலையத்தில் அவர்களை எதிர்பார்த்துக் காத்திருந்த உதவி ஆய்வாளர் வாசலைத் தாண்டி எட்டிப் பார்த்தார், கார் ஏதாவது வந்து நிற்கிறதா என்று.

"ரத்னா மேடம் வந்நில்லே?"

"நான்தான் சார்."

ஆய்வாளர் ரத்னாவின் வெளுத்த செருப்பைப் பார்த்தார். கையிலிருந்த பாலித்தீன் பையைப் பார்த்தார். மேசைமேல் இருந்த தாளைப் பார்த்தார். தாளில் ரத்னா பெயரில் உள்ள வண்டிகளின் எண்கள் வரிசையாக இருந்தன.

"இத்தற வண்டி உண்டல்லோ. ட்ரான்ஸ்போர்ட் கம்பெனியா?"

"ஆமா சார்," என்றார் ரத்னா. "எல்லாம் வெளியூரு போயிருக்குது."

அவரை உட்காரச் சொல்லி ஆய்வாளர் தண்ணீர் கொடுத்தார். சட்டம் என்ன சொல்கிறது என்று பொறுமையாகவும் விளக்கினார். அடிபட்டவர் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடுவார். காப்பீடு இல்லாததால் உரிமையாளர்தான் பதில் சொல்ல வேண்டும். பிடித்து வைத்த வண்டியை விடுவிக்க வேண்டுமானால் நீதிமன்றத்தில் ஈடு காட்ட வேண்டும்.

வெளியே வேப்பமரத்தடியில் பாபு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அவசரத்துக்குத் தாள் இல்லாமல் அவர் எங்கும் போவதில்லை.

"யக்கா, டென்ஷன் ஆவாத. ஒரே ஒரு கையெழுத்து. வண்டிய போன மாசமே அந்த வெள்ளக்காரனுக்கு வித்துட்டன்னு ஒரு லெட்டரு. தேதி நான் போட்டுக்கறேன். நீ அப்படியே கழண்டுக்கலாம்."

"அப்போ அந்த ஆளு காலு?"

"கேஸ அவன் மேல போட்டுக்கட்டும்."

"அவன் ஊருக்குப் போயிட்டானே."

"ஆஸ்திரியாவுக்குப் போயி கேட்டு வாங்கிக்கட்டும்க்கா. நமக்கு இன்னா?"

ரத்னா தாளை வாங்கினார். நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். "மொதல்ல அந்த ஆளப் பாக்கணும்," என்றார்.

அடிபட்டவர் பெயர் சுகுமாரன். அரசு மருத்துவமனையில் காலைத் தூக்கிக் கட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். குளுக்கோஸ் மாட்டும் கம்பியில், இறகுகள் தொங்கும் ஒரு சின்ன வலை ஆடிக்கொண்டிருந்தது. கெட்ட கனவுகளைப் பிடித்துக்கொள்ளும் வலை என்று சொல்லி மிரியம் கட்டிவிட்டுப் போயிருந்தார். கனவைப் பற்றி அந்த மனிதருக்குப் புகார் இல்லை. அவர் கவலை முழுக்க, சாக்கடையில் விழுந்த லாட்டரிச் சீட்டுகளைப் பற்றியது. விற்றாலும் விற்காவிட்டாலும் மொத்த வியாபாரிக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். அதில் ஒன்றுக்குப் பரிசு விழுந்திருந்தால் என்ன செய்வது என்று வேறு தூக்கமில்லாமல் இருந்தார்.

அவர் மனைவி ஓமனா எழுந்து நின்றார். மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்து, கடைசியில் சட்டையை உள்ளே விட்டிருந்த பாபுவிடம் கேட்டார்: "முதலாளி எவிடே?"

பாபு ரத்னாவைக் கையால் காட்டிவிட்டு ஓரமாக நகர்ந்தார்.

"நிங்களோ?" ஓமனாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "காரில் அல்லே வந்நது?"

"என் காரு ஸ்டேஷன்ல நிக்குதும்மா. நான் அதுல இதுவரிக்கும் ஏறினதில்ல. பஸ்ல வாந்தி எட்த்துகினு வந்தேன்."

பாண்டிச்செல்வி அதை மலையாளமாக்கிச் சொன்னாள்.  ஓமனா கட்டிலுக்கு அடியிலிருந்து பிளாஸ்கை எடுத்து, மூடியில் பால் விடாத கட்டன்சாயா ஊற்றிக் கொடுத்தார். சண்டை போடத் தயாராக வைத்திருந்த சொற்களை எல்லாம் கார் முதலாளிக்காகச் சேர்த்து வைத்திருந்தார் பாவம். எதிரே நிற்பவருக்கு அவை அளவு பொருந்தவில்லை. ஒரே ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியது. "ஞங்ஙள் இனி ஆரோடு சோதிக்கும்?"

"இனி யார்ட்டப் போயி கேக்கன்னு சொல்லுதாவ," என்றாள் பாண்டிச்செல்வி.

ரத்னா சாயாவைக் குடித்து முடித்தார். மூடியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். வராந்தாவுக்கு வந்ததும் பாபு ஒரு பேனாவை நீட்டினார்.

"என் தம்பிய கம்பெனி வேன் இட்ச்சப்போ நீதான பாபு என்கூட ஸ்டேஷனுக்கு வந்த?"

 ஸ்ரீபெரும்புதூர் சந்திப்பில், இரவு ஷிப்டு முடிந்து வந்த ரத்னாவின் தம்பியைத் தொழிலாளர்களை ஏற்றும் ஒப்பந்த வேன் ஒன்று தூக்கி எறிந்தது. அந்த வேன் நாலு கை மாறியிருந்தது. வண்டியின் பதிவுப் புத்தகத்தில் இருந்த பெயருக்கு உரிய ஆள் அந்த முகவரியில் இல்லை. தேடுகிறோம் என்றார்கள். தேடிக்கொண்டே இருந்தார்கள். தம்பி இன்றுவரை சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்.

"ஓனரு கெடைக்கல, கெடைக்கலன்னு எத்தினி வருசம் நடந்தேன்," என்றார் ரத்னா. "இந்தப் பொம்பளைக்கு ஓனரு கெட்ச்சிட்டாம்பா. நானா போயி ஒளிஞ்சிக்கணுமா?"

"யக்கா, அது வேற மேட்டரு..."

"இன்னா வேற? புக்குல என் பேரு கீது. போட்டப்போ புடவை வாங்கினேன் இல்ல?"

காவல் நிலையத்துக்குத் திரும்பிப் போய், வண்டி என்னுடையதுதான், எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அங்கிருந்தே கணவர் அப்பாவுவைத் தொலைபேசியில் அழைத்தார். "நம்ம காரு, நம்ம காருன்னு டீக்கடையில சொல்லிகினு இருந்த இல்ல? இப்போ நம்ம காருதான். வூட்டுப் பத்திரத்த எட்த்துகினு கெளம்பி வா."  அப்பாவு வந்தார். பத்திரத்தை வேட்டிக்குள் கட்டிக்கொண்டு, யாராவது திருடிவிடுவார்களோ என்று தூங்காமல் வந்து சேர்ந்தார். டீக்கடையில் அதற்குப் பிறகு அவர் காரைப் பற்றிப் பேசியதாகத் தகவல் இல்லை.

ஈடாகக் காட்டியது பத்திரம் மட்டுமல்ல. பாபுவையும் காட்டினார்.

"சுகுமாரன் எய்ந்து ஒக்கார்ற வரிக்கும் நீ இங்கதான் இருக்கணும். அந்த லாட்டரித் தட்ட நீ தூக்கிகினு போ. முடியாதுன்னா சொல்லு," என்று ரவிக்கையிலிருந்து அந்த நான்கு மடிப்புத் தாளை எடுத்தார். "இதையும், வருசத்த மாத்தின அந்த இன்சூரன்சு காப்பியையும் சேத்து எஸ்.ஐ. கையில குடுத்துட்டு நான் பஸ் ஏறிடறேன்."

பாபு தங்கினார். முதல் சில நாள் மரத்தடியில் தட்டோடு வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார். பிறகு தொழில்புத்தி தலை தூக்கியது. இல்லாத ஒன்றை இருப்பதாக நம்ப வைப்பதில் ஆயுள் முழுக்கப் பயிற்சி எடுத்தவருக்கு லாட்டரிச் சீட்டைவிடப் பொருத்தமான சரக்கு உலகத்தில் கிடையாது. "நாளைக்கே அடிக்கும், கியாரண்டி" என்ற சென்னைத் தமிழை அந்த ஊர் ரசித்தது. சுகுமாரன் நல்ல காலோடு விற்றதைவிட தான் அதிகம் விற்பதாகப் பாபு அங்கிருந்து ரத்னாவுக்குத் தொலைபேசியில் சொன்னார். "இங்க நல்ல பிசினஸ்க்கா!" ரத்னா இணைப்பைத் துண்டித்தார். மழைக்காலம் முடிந்துதான் பாபு ஒரகடத்துக்குத் திரும்பினார். கொஞ்சம் கறுத்திருந்தார், கரும்புச்சாறு வண்டிக்காரர் அந்த நிழலை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்.

மிரியத்துக்கு ரத்னா குரல்செய்தி அனுப்பினார். தமிழில். நீளமாக. அதில் இருந்த சொற்களில் பலவற்றை நான் இங்கே எழுத முடியாது. பாண்டிச்செல்வி அதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியபோது, "யுவர் மதர் இஸ் வெரி சேட்" என்று ஒரே வரியாகச் சுருங்கிவிட்டது. கொஞ்ச காலம் இதயங்கள் வந்தன. அப்புறம் இதயங்களும் நின்றன. பிறகு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பணம் வந்தது. அவர்கள் ஊரில் மயில் வேனின் படத்தைக் காட்டித் தெரிந்தவர்களிடம் திரட்டியதாம். வங்கி மேலாளர் ரத்னாவைக் கூப்பிட்டு, ஆஸ்திரியாவிலிருந்து எதற்குப் பணம் என்று கேட்டார்.

"காலுக்கு சார்."

மேலாளர் ரத்னாவின் காலைப் பார்த்தார். சுகுமாரனின் காலுக்குள் கம்பி வைக்க அந்தப் பணம் உதவியது. நடக்க முடிகிறது. தட்டைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க அலைய முடியாது. அதற்குத்தான் நஷ்ட ஈட்டு வழக்கு நடக்கிறது.

இப்போதும் ஒரகடத்துக்குப் பயணிகள் வருகிறார்கள். புது ஏஜென்ட்டுகள் தாடிக்காரர்களை ரத்னா வீட்டுக்கு அழைத்து வருகிறார்கள். அவர் சாப்பாடு போடுவார், கையெழுத்து மட்டும் போட மாட்டார். "ரூமு கீது. பேரு இல்ல," என்பார். தாடிக்காரருக்குப் புரியாது. உடன் வந்தவருக்குப் புரியும். ஏற்கெனவே ஊர் சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிகளில் மூன்றைப் பாபுவை விரட்டி விரட்டிப் பெயர் மாற்றிவிட்டார். மற்றவை எங்கே என்று அபராதம் வரும்போதுதான் தெரிகிறது. உதவித்தொகைக்கு மறுபடி மனு கொடுத்திருக்கிறார். வேனை வழக்கு முடிகிறவரை விற்கக்கூடாது. விற்காதவரை அவர் கார் வைத்திருக்கும் சீமாட்டி.

போன விசாரணைக்குத் துணையாக நான் போனேன், பாண்டிச்செல்விக்கு விடுப்பு கிடைக்கவில்லை என்பதால். வாந்தி வழக்கம்போல. கேரளத்து நீதிமன்ற வராந்தாவில் பாபு வந்து சேர்ந்துகொண்டார். வக்கீலை ஏற்பாடு செய்தது அவர்தான். வக்கீல் ரத்னாவிடம் மூன்று முறை சொன்னார், நீங்கள் வாயே திறக்க வேண்டாம், எழுந்திருக்கவும் வேண்டாம், ஓட்டியது வேறு ஆள் என்று சொல்லி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. ரத்னா தலையாட்டினார். எதிர் வரிசையில் ஓமனா உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் கைத்தடியோடு சுகுமாரன். இருவரும் ரத்னாவைப் பார்த்து, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் லேசாகச் சிரித்தார்கள்.

வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். மேடைக்குக் கீழே இருந்த ஊழியர் கோப்பைப் பார்த்து ஏதோ படித்துவிட்டு, சலிப்போடு நிமிராமலே, வண்டியின் உரிமையாளர் ஆஜராகியிருக்கிறாரா என்று கேட்டார். பதில் வராத கேள்விக்குப் பழகிய குரல். வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். பாபு ரத்னாவின் முந்தானையைப் பிடித்தார்.

ரத்னா முந்தானையை அவர் கையிலிருந்து உருவி, இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குத் தூக்குவது போல வலது கையை நேராக மேலே தூக்கினார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்க்கும்வரை அந்தக் கையை இறக்கவில்லை.